பீடத்தினின்று இறக்கப்பட்ட சிலுவை

1563-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், திரெந்து பொதுச்சங்கம் தன் இறுதி அமர்வில் திருவுருவங்களைப் பற்றி ஓர் ஆணை பிறப்பித்தது. ஆயரின் ஒப்புதலின்றி, வழக்கத்திற்கு மாறான உருவம் எதனையும் எவரும் ஆலயத்தில் வைக்கலாகாது என்பது அவ்வாணையின் ஒரு கூறு. 1917-இல் வெளிவந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1279-ஆம் சட்டமும் இதனையே மீண்டும் வலியுறுத்தியது. இதனை மேலோட்டமாகப் படிப்போர், கலையில் புதுமைக்குத் திருச்சபை இட்ட பூட்டு என்பர். ஊன்றிப் படிப்போர்க்கு வேறொரு பொருள் தோன்றும். வழக்கத்திற்கு மாறானது வரவே கூடாது என்று சங்கம் கூறவில்லை. வரும்போது ஆய்ந்து தேர்க என்றே கூறியது. பூட்டு இருப்பின், அதற்குத் திறவுகோலும் உண்டு.

ஆனால், அத்திறவுகோலைப் பயன்படுத்துவது எளிதன்று. எது புதுமை, எது வெறும் விந்தை? எது மக்களின் பக்தியைப் புண்படுத்துகிறது, எது அவர்களின் பழக்கத்தை மட்டும் உலுக்குகிறது? இந்த வினாக்கள் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் பிரான்சு நாட்டுத் திருச்சபையைக் கலக்கின. அங்கே ஒரு மலையூர் ஆலயத்தில் வெண்கலச் சிலுவை ஒன்று பீடத்தில் ஏற்றப்பட்டது. சில மாதங்களில் இறக்கப்பட்டது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் ஏற்றப்பட்டது. அச்சிலுவையின் வரலாறு, புதுமையான கலைப்படைப்புகளை நம்பிக்கையாளர் எவ்வாறு பார்க்க வேண்டும் என்பதற்கு ஒரு பாடமாக விளங்குகிறது.

ஒரே அச்சில் வார்த்த புனிதர்கள்

பாரிஸ் மாநகரில் சேன் சுல்பீஸ் என்னும் பேராலயம் உள்ளது. அதனைச் சுற்றியுள்ள தெருக்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சுரூபக் கடைகள் பெருகின. அச்சில் சுண்ணச் சாந்தை ஊற்றி, உலர்த்தி, வண்ணம் பூசி, விலைப்பட்டியலில் எண்ணிட்டு, புனிதர்களின் சுரூபங்கள் ஆயிரக்கணக்கில் விற்கப்பட்டன. இளஞ்சிவப்புக் கன்னம், மேல்நோக்கிய கண், மெழுகு போன்ற கை. எந்தப் புனிதராயினும் ஏறக்குறைய ஒரே முகம். மறைபரப்புப் பணியாளரின் வழியே இவை உலகின் பல நாடுகளுக்கும் கப்பலேறின. இவற்றின் முன் மண்டியிட்டு உள்ளன்போடு மன்றாடிய மக்களின் பக்தியை நாம் குறைத்துப் பேசவில்லை. இறைவன் எளிய சாந்துச் சுரூபத்தின் வழியாகவும் நெஞ்சைத் தொட வல்லவர். எனினும், ஒரு காலத்தில் பேராலயங்களையும் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களையும் படைத்த ஒரு சமயம், தன் காலத்துக் கலைஞர்களோடு பேச்சையே நிறுத்திவிட்டு, கடைச் சரக்கை மட்டும் நம்பி வாழ்வது நலமா என்னும் வினா எழுந்தது.

அவ்வினாவை உரக்க எழுப்பியவர்களுள் ஒருவர், சாமிநாதர் சபைத் துறவியான அருட்தந்தை மரி அலேன் கூத்தூரியே. 1897-இல் பிறந்த இவர் துறவு பூணுமுன் ஓவியம் பயின்றவர். மோரிஸ் தெனி என்னும் ஓவியர் தம் நண்பருடன் இணைந்து 1919-இல் நிறுவிய திருக்கலைப் பட்டறையில் வண்ணக் கண்ணாடி வேலையையும் கற்றார். பின்னர், தம் சபைத் தோழர் அருட்தந்தை ரெகாமேயுடன் இணைந்து 'திருக்கலை' என்னும் பொருள்படும் பெயரிய பிரெஞ்சு இதழொன்றை நடத்தினார். அவர் முன்வைத்த கருத்து பலரைத் திடுக்கிட வைத்தது. திறமையும் பக்தியும் ஒருங்கே அமைந்த கலைஞர் கிடைப்பின் நன்று. கிடைக்காவிடில், திறமையற்ற பக்தரைவிட, பக்தி குன்றிய மேதையிடம் பணியை ஒப்படைப்பதே மேல் என்றார் அவர். உண்மையான கலைஞனுள் ஏதோ ஓர் ஆழ்ந்த தேடல் இருக்கிறது. அத்தேடலைத் தூய ஆவியார் பயன்படுத்தக்கூடும் என்பது அவரது நம்பிக்கை.

இக்கருத்தில் இடர் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. நம்பிக்கையற்றவன் வரைந்த ஓவியத்தின் முன் நம்பிக்கையாளர் எவ்வாறு மன்றாடுவர் என்று கேட்டவர்களின் கவலை நேர்மையானது. ஆயினும், வாதத்தால் தீராத இவ்வழக்கு ஒரு மலைமேல் செயலால் ஆராயப்பட்டது.

நோயாளரின் ஆலயம்

பிரான்சின் தென்கிழக்கில், ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மிகவுயர்ந்த சிகரமான மோன் பிளாங்கை நேர்நோக்கி அமைந்தது அஸ்ஸி என்னும் மேட்டுநிலம். (புனித பிரான்சிஸ் பிறந்த அசிசி வேறு, இவ்வூர் வேறு.) காசநோய்க்கு மருந்து கண்டறியப்படாத காலத்தில், தூய மலைக்காற்றும் வெயிலும் ஓய்வுமே மருந்து எனக் கருதப்பட்டதால், இங்கே மருத்துவமனைகள் பல எழுந்தன. ரேடியம் கண்ட மேரி கியூரி அம்மையார் 1934-இல் உயிர்நீத்தது இப்பகுதியிலுள்ள சான்செல்மோஸ் மருத்துவமனையில்தான். மாதக்கணக்கில், சிலர் ஆண்டுக்கணக்கில், படுக்கையிலேயே கிடந்து பனிமலையைப் பார்த்தபடி வாழ்ந்தனர். நலமடைந்து ஊர் திரும்பியோர் உண்டு, திரும்பாதோரும் உண்டு.

இம்மருத்துவமனையின் ஆன்ம குருவாக இருந்த அருட்தந்தை ழான் தெவேமி, நோயாளருக்கென ஓர் ஆலயம் எழுப்ப விழைந்தார். 1937-இல் தொடங்கிய பணி, போர்க்காலத்தின் இடர்களுக்கிடையே நீண்டது. கட்டடக் கலைஞர் மோரிஸ் நொவாரினா, பனியின் சுமையைத் தாங்கும் அகன்ற கூரையோடும் பருத்த கற்றூண்களோடும், மலைநாட்டு வீட்டின் சாயலில் அதனை வடிவமைத்தார். 'அனைத்து அருளின் அன்னை' என்பது ஆலயத்தின் பெயர். 1950-இல் அது அருள்பொழிவு செய்யப்பட்டது.

ஆலயத்தின் உள்ளழகு குறித்துத் தெவேமி, கூத்தூரியேவின் துணையை நாடினார். 1939-இல் பாரிஸில் நடந்த வண்ணக் கண்ணாடிக் கண்காட்சியில் ஜோர்ஜ் ரூவோவின் படைப்பை இருவரும் கண்டனர். ரூவோ ஆழ்ந்த கத்தோலிக்கர். துன்புறும் கிறிஸ்துவின் திருமுகத்தையும், சர்க்கஸ் கோமாளிகளின் துயரையும், நீதிபதிகளின் ஆணவத்தையும் கருங்கோடுகளால் தீட்டியவர். அறுபது வயதைக் கடந்திருந்த அவரை அதுவரை எந்த ஆலயமும் அழைத்ததில்லை. அஸ்ஸிதான் முதலில் அழைத்தது.

அவரைத் தொடர்ந்து வந்தோரின் பெயர்களைப் பார்த்தால் வியப்பு மேலிடும். முகப்புச் சுவரில் அன்னை மரியின் மன்றாட்டு மாலையை வண்ணப் பொடிக்கற்களால் விளக்கியவர் பெர்னான் லெஜே. இவர் பொதுவுடைமைக் கட்சியைச் சார்ந்தவர். பீடத்தின் பின்சுவரை மூடிய பெருந்திரைச்சீலையில், திருவெளிப்பாடு நூலில் வரும் பெண்ணையும் அரக்கப் பாம்பையும் நெய்வித்தவர் ழான் லூர்சா. இவரும் அதே அணியினர். நற்கருணைப் பேழையின் வெண்கலக் கதவில், ஆதிக் கிறிஸ்தவரின் அடையாளமான மீனை வடித்தவர் ஜோர்ஜ் பிராக். புனித சாமிநாதரை மஞ்சள் ஓடுகளின்மேல் கருங்கோடாக வரைந்தவர் ஹென்றி மத்தீஸ். இம்மலைநாடு அமைந்த அன்னசி மறைமாவட்டத்தில் அடக்கம் பெற்ற புனித பிரான்சிஸ்கு சலேசியாரைத் தீட்டியவர் பியேர் பொனார்.

யூதக் கலைஞர் இருவரும் இவ்வாலயத்தில் பங்குபெற்றனர். திருமுழுக்கிடத்தில் செங்கடலைக் கடக்கும் இஸ்ரயேலரை ஓடுகளில் தீட்டியவர் மார்க் ஷகால். அன்னை மரியின் வெண்கலச் சிலை வடித்தவர் ழாக் லிப்ஷிட்ஸ். இச்சிலையில், தாம் முன்னோரின் சமயத்திற்கு உண்மையுள்ள ஒரு யூதர் என்றும், மனிதரிடையே நல்லிணக்கம் வளரவே இக்கன்னியைச் செய்ததாகவும் லிப்ஷிட்ஸ் பொறித்தார். அறுபது இலட்சம் யூதர் ஐரோப்பாவில் கொல்லப்பட்ட கொடுமை முடிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும். யூதக் குலத்து மகளான மரியாவை ஒரு யூதரே கத்தோலிக்க ஆலயத்திற்கு வடித்தளித்தது, அந்நாளில் எத்துணைப் பொருள் பொதிந்த செயல்!

சிலுவையும் சீற்றமும்

இத்தனை பேரின் படைப்புகளும் பேச்சுக்கு இடமாயின. ஆனால், புயலைக் கிளப்பியது ஒன்றே. அது, ழெர்மேன் ரிஷியே என்னும் பெண் சிற்பி பீடத்திற்கென வடித்த வெண்கலச் சிலுவை.

எசாயா இறைவாக்கினரின் நூலில் 53-ஆம் அதிகாரம் துன்புறும் ஊழியரைப் பற்றிப் பேசுகிறது. பார்ப்பவரைக் கவரும் எழிலோ தோற்றமோ அவருக்கு இல்லை. கண்டோர் முகத்தை மூடிக்கொள்ளும் அளவிற்கு அவர் உருக்குலைந்தார். பெரிய வெள்ளியன்று ஆண்டுதோறும் நாம் கேட்கும் பகுதி இது. இப்பகுதியையே தெவேமி சிற்பியின் முன் வைத்தார். ரிஷியே அதனை அவ்வாறே எடுத்துக்கொண்டார். அவர் வடித்த இயேசுவின் உடல், புழுவரித்த பழைய மரம்போலப் பொருக்குத் தட்டிக் கிடந்தது. விரிந்த கைகள் மிக நீண்டிருந்தன. முகம் என்று சுட்டத்தக்க தெளிவான வடிவம் இல்லை. எது உடல், எது சிலுவை என்று பிரித்துக் காண்பது அரிதாயிருந்தது. மீட்பர் தம் சிலுவையைத் தோளில் மட்டுமன்றி ஊனிலும் ஏற்றார் என்று அவ்வுரு சொல்லாமற் சொல்லியது.

1951-ஆம் ஆண்டு ஜனவரியில், ஆன்ஷே நகரில் தெவேமி இவ்வாலயத்தைப் பற்றிச் சொற்பொழிவாற்றியபோது எதிர்ப்பாளர் கூச்சலிட்டு இடைமறித்தனர். சிலுவையைக் கண்டித்துத் துண்டறிக்கை பரவியது. ஆண்டவரை இழிவுபடுத்தும் உரு, தெய்வநிந்தை என்றெல்லாம் குற்றஞ்சாட்டினர். சிற்பி நம்பிக்கையற்றவர் என்பதும் குற்றச்சாட்டில் சேர்ந்தது. அவ்வாண்டு ஏப்ரலில், அன்னசி ஆயர் அச்சிலுவையைப் பீடத்தினின்று அகற்றப் பணித்தார். பொதுமக்களின் பார்வைக்கு எட்டாதவாறு அது விலக்கி வைக்கப்பட்டது.

ஆயரையும் எதிர்ப்பாளரையும் கலையறியாதவர் என்று ஒதுக்குவது நேர்மையாகாது. வத்திக்கான் நாளிதழில் இத்தகைய 'உருக்குலைக்கும் கலை'யைக் கடிந்து எழுதியவர் பேராயர் செல்சோ கொஸ்தாந்தினி. இவர் சிற்பக்கலை பயின்றவர். சீனாவில் திருத்தந்தையின் பேராளராகப் பணியாற்றியபோது, அந்நாட்டுக் கிறிஸ்தவக் கலை ஐரோப்பியக் கலையின் நகலாக இராது, சீனரின் தூரிகையிலேயே பிறக்க வேண்டும் என்று போராடியவர். புதுமைக்கு வழிதிறந்த அதே மனிதர்தாம் இச்சிலுவையின் முன் தயங்கி நின்றார். மனித உருவை ஏற்று இறைமகன் பிறந்தார் என்பது நம் விசுவாசம். அவ்வுருவைச் சிதைப்பது மனுவுருவேற்பையே சிதைப்பதாகாதா என்பது இத்தகையோரின் அச்சம். இது ஆழ்ந்த வினாவே. 1952 ஜூன் 30-இல் வத்திக்கானின் திருப்பேராயம் திருக்கலை பற்றி வெளியிட்ட அறிவுரையும், திரெந்து சங்கத்தின் ஆணையையும் 1279-ஆம் சட்டத்தையும் நினைவூட்டி, ஆயர்கள் விழிப்பாயிருக்கப் பணித்தது.

ஆனால், இவ்வழக்கில் சாட்சி கூற வேண்டிய ஒரு சாராரை வெளியுலகம் கேட்க மறந்தது. அவர்கள்தாம் அம்மலையின் நோயாளர். அவர்களுக்கென்றே எழுந்த ஆலயம் அது. எலும்பும் தோலுமாய் இளைத்து, மூச்சுக்குத் திணறி, தம் முகத்தையே கண்ணாடியில் காண அஞ்சியவர் பலர், அச்சிலுவையில் தம்மைக் கண்டனர். நலமுற்ற அழகிய உடலோடு தொங்கும் இயேசு தராத ஆறுதலை, சிதைந்த உடலோடு தொங்கிய இயேசு அவர்களுக்குத் தந்தார். சிலுவை அகற்றப்பட்டபோது வருந்தியோரும் அவர்களே.

இதற்கு வரலாற்றில் முன்னுதாரணம் உண்டு. 1512-க்கும் 1516-க்கும் இடையில், ஈசன்ஹைம் என்னும் ஊரின் புனித வனத்து அந்தோனியார் துறவு மடத்திற்கு, மத்தியாஸ் குரூனவால்ட் என்னும் ஜெர்மானிய ஓவியர் பெரும் பீட ஓவியம் ஒன்றைத் தீட்டினார். அதில் சிலுவையில் தொங்கும் இயேசுவின் மேனி முழுவதும் புண்கள். தோல் பச்சை படர்ந்து, விரல்கள் முறுக்கிக் கிடக்கின்றன. அம்மடத்தில் மருத்துவமனை இருந்தது. 'அந்தோனியார் நெருப்பு' எனப்பட்ட கொடிய நோயால் தோல் கருகி, கைகால் இழந்தவர்கள் அங்கே அடைக்கலம் புகுந்தனர். அவர்கள் கண்முன் அவ்வோவியம் நின்றது. இன்று கோல்மார் நகர அருங்காட்சியகத்தில் அதன்முன் நின்று உலகமே வியக்கிறது. அஸ்ஸியின் சிலுவை புதிது எனக் கருதியோர், அது மிகப் பழைய மரபு ஒன்றின் தொடர்ச்சி என்பதை அறியத் தவறினர்.

வான்ஸும் ரோன்ஷானும்

சிலுவை இறக்கப்பட்ட அதே 1951-ஆம் ஆண்டின் ஜூன் 25-ஆம் நாள், தெற்கே வான்ஸ் என்னும் சிற்றூரில், செபமாலைச் சிற்றாலயம் அருள்பொழிவு பெற்றது. அதனைச் சாளரம் முதல் திருப்பலி உடை வரை வடிவமைத்தவர் மத்தீஸ். 1941-இல் கடும் அறுவைச் சிகிச்சைக்கு ஆளாகித் தப்பிய இம்முதியவரை, அடுத்த ஆண்டு இரவுச் செவிலியாக வந்து பேணிய இளம்பெண் ஒருவர், பின்னர்ச் சாமிநாதர் சபைத் துறவியாகி, அருட்சகோதரி ழாக் மரி எனப் பெயர் பெற்றார். அவருடைய இல்லத்துக் கன்னியர்க்கு முறையான சிற்றாலயம் இல்லாதிருந்தது. அவர் வரைந்து காட்டிய சாளர ஓவியம் ஒன்றே மத்தீஸின் பணிக்குத் தொடக்கமாயிற்று. நன்றிக்கடனாகத் தொடங்கியது, தம் வாழ்வுழைப்பின் கனி என்று அவரே கூறும் அளவிற்கு வளர்ந்தது.

அச்சிற்றாலயத்தில் சாளரங்களுக்கு மூன்றே வண்ணங்கள்: நீலம், பச்சை, மஞ்சள். எதிர்ச்சுவர்கள் வெள்ளை ஓடுகள், அவற்றில் கருங்கோடுகள். கதிரொளி ஏறுகையில் வண்ணம் வெள்ளைச் சுவரிலும் தரையிலும் மெல்லப் படர்கிறது. புனித சாமிநாதருக்கும் அன்னைக்கும் சேய்க்கும் முகத்தில் கண்ணும் மூக்கும் வரையப்படவில்லை. சிலுவைப்பாதையின் 14 நிலைகளும் ஒரே சுவரில், மலையேறும் வழிபோல வளைந்து வளைந்து மேலேறுகின்றன. கோடுகள் அவசரமாக, நடுங்கும் கையால் கீறியவை போன்றுள்ளன. சிறுவன் கிறுக்கல் என்று நகைத்தோர் பலர். ஆனால், சிலுவைப்பாதையை அழகிய ஓவியத் தொகுப்பாகக் கண்டு பழகிய கண், இங்கே அழகைச் சுவைக்க நேரமின்றி ஆண்டவரோடு நடக்க வேண்டியதாகிறது. பீடம் ரொட்டியின் நிறத்தை ஒத்த கல்லால் ஆனது. கன்னியரும் பொதுநிலையினரும் ஒருங்கே காணும்படி சற்றே கோணலாக அமைந்துள்ளது.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1955-இல் அதே ஜூன் 25-ஆம் நாள், கிழக்குப் பிரான்சில் ரோன்ஷான் குன்றின்மேல் மற்றொரு மரியன்னைத் திருத்தலம் திறக்கப்பட்டது. 1944-இல் போரில் இடிந்த பழைய ஆலயத்தின் இடத்தில் இதனை எழுப்பியவர் லெ கொர்புசியே. நம் நாட்டில் சண்டிகர் நகரை வடிவமைத்த அதே மேதை இவர். சமயப் பழக்கம் இல்லாத இவர் முதலில் மறுத்தார். பின்னர்க் குன்றின்மேல் நின்று நான்கு திசைகளையும் பார்த்தபின் இசைந்தார். பழைய ஆலயத்தின் இடிபாட்டுக் கற்களையே சுவர்களுக்குள் இட்டு நிரப்பினார். கூரை, கடற்கரையில் அவர் எடுத்துவைத்திருந்த நண்டின் ஓட்டைப் போல வளைந்து கவிந்தது. அக்கனத்த கூரைக்கும் சுவருக்கும் இடையே சிறிது இடைவெளி விட்டார். ஆதலால் மெல்லிய ஒளிக்கோட்டின்மேல் கூரை மிதப்பதாகத் தோன்றுகிறது. தென்சுவரின் ஆழ்ந்த குழிச் சாளரங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவு. திருப்பயண நாள்களில் மக்கள் வெளியே திரள்வர் என்றறிந்து, வெளியிலும் ஒரு பீடம் அமைத்தார். பழைய ஆலயத்து அன்னையின் சுரூபத்தை, உள்ளிருப்போரும் வெளியிருப்போரும் காணுமாறு சுவரின் சாளரமொன்றில் நிறுத்தினார். வடிவத்தில் முன்பு எவரும் கண்டிராத கட்டடம் அது. ஆனால் அதன் நடுவே பழைய அன்னை அவ்வாறே வீற்றிருக்கிறார். இதனையும் சண்டிகரின் அரசுக் கட்டடத் தொகுதியையும் 2016-இல் யுனெஸ்கோ ஒரே பட்டியலில் சேர்த்து உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

இவற்றுக்கெல்லாம் ஊக்கமூட்டிய கூத்தூரியே, ரோன்ஷான் நிறைவுறுவதைக் காணவில்லை. 1954 பிப்ரவரியில் அவர் இறைவனடி சேர்ந்தார். அப்போதும் அஸ்ஸியின் சிலுவை பீடத்திற்குத் திரும்பவில்லை.

சங்கம் திறந்த கதவு

1963 டிசம்பர் 4-ஆம் நாள், திரெந்து சங்கம் நிறைவுற்று நானூறு ஆண்டுகள் முடிந்த அதே நாளில், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் முதல் ஏடாகத் திருவழிபாடு பற்றிய கொள்கைத் திரட்டு வெளியிடப்பட்டது. அதன் 123-ஆம் எண், திருச்சபை எந்தவொரு கலைப்பாணியையும் தனக்கே உரியதாக்கிக் கொண்டதில்லை என்று தெளிவுறக் கூறுகிறது. மக்களின் இயல்பிற்கும் காலத்தின் சூழலுக்கும் ஏற்ப எல்லாக் காலத்துப் பாணிகளையும் அது ஏற்றது. நம் காலத்துக் கலைக்கும், எல்லா நாட்டு மக்களின் கலைக்கும், உரிய வணக்கத்தோடு பணியாற்றும் வரை திருச்சபையில் தடையில்லா இடம் உண்டு. அடுத்த எண்ணிலேயே, விசுவாசத்திற்கும் ஒழுக்கத்திற்கும் மாறானவற்றையும், கலைத்தரம் குன்றியவற்றையும், போலிகளையும் விலக்குமாறு ஆயர்களைச் சங்கம் பணிக்கிறது. பழைய ஆணையின் திறவுகோல் இங்கே துலங்குகிறது. புதுமை என்பதற்காக விலக்கவும் வேண்டா. புதுமை என்பதற்காகவே ஏற்கவும் வேண்டா. கலைத்தரம் குன்றியது பழைய பாணியில் இருப்பினும் ஆலயத்திற்குத் தகாது என்பதும் இதில் அடங்கும். இக்கூற்றை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

1964 மே மாதம், சிஸ்டைன் சிற்றாலயத்தில் கலைஞர்களைச் சந்தித்த திருத்தந்தை ஆறாம் சின்னப்பர், திருச்சபை சில வேளைகளில் கலைஞர் மீது ஈயப் போர்வை போன்ற சுமையை ஏற்றியதாக ஒப்பி, அதற்காக மன்னிப்பு வேண்டினார். 1973-இல் வத்திக்கான் அருங்காட்சியகத்தில் தற்காலச் சமயக் கலைக்கெனத் தனிப் பகுதியைத் திறந்துவைத்தவரும் அவரே. வான்ஸ் சிற்றாலயத்திற்கு மத்தீஸ் தயாரித்த பெரிய மாதிரி வரைவுகளுக்கு 2011-இல் அங்கே தனி அறை ஒதுக்கப்பட்டது. சிறுவன் கிறுக்கல் எனப்பட்டவை இன்று திருத்தந்தையரின் இல்லத்தில் போற்றிக் காக்கப்படுகின்றன. 1999-இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் கலைஞர்களுக்கு வரைந்த மடலும், 2009-இல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் அதே சிஸ்டைன் சிற்றாலயத்தில் அவர்களைச் சந்தித்ததும் இப்பாதையின் தொடர்ச்சியே.

இத்தகைய சூழலில், அஸ்ஸியின் சிலுவையும் பீடத்திற்குத் திரும்பியது. ஆரவாரமில்லை. எதிர்ப்பில்லை. இதற்குள் காசநோய்க்கு மருந்துகள் பரவிவிட்டமையால், அதன்முன் முதலில் மன்றாடியவர் பலர் அங்கில்லை. ஆனால், அவர்களின் சாட்சியம் வென்றது.

இன்றைய நாள்களில்

வழக்கு முடிந்துவிட்டது என்று எண்ண வேண்டா. 2007-ஆம் ஆண்டு ஆகஸ்டில், ஜெர்மனியின் கொலோன் பேராலயத்தில், போரில் அழிந்த தென்புறப் பெருஞ்சாளரத்திற்குப் புதிய கண்ணாடி பொருத்தப்பட்டது. எடித் ஸ்டைன், மாக்சிமிலியன் கோல்பே போன்ற இருபதாம் நூற்றாண்டு மறைசாட்சியரை அதில் தீட்டுமாறு முதலில் கேட்கப்பட்டது. ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டர் முயன்று, தம்மால் இயலாதெனக் கண்டு, வேறொன்றைப் படைத்தார்: 72 வண்ணங்களில், 11,000-க்கும் மேற்பட்ட சிறு சதுரக் கண்ணாடிகள். எந்த வண்ணம் எங்கே என்பதைக் கணினியின் தற்செயல் தேர்வுக்கு விட்டு, ஒரு பாதியை மறுபாதியில் பிரதிபலிக்கச் செய்தார். அப்போதைய பேராயர் கர்தினால் மைஸ்னர், இது கத்தோலிக்கப் பேராலயத்தைவிட ஒரு மசூதிக்கே பொருந்தும் என்று வெளிப்படையாகக் குறைகூறினார். உருவமே இல்லாத சாளரம் எதனை அறிவிக்கிறது என்னும் அவரது வினாவைப் புறக்கணிக்க இயலாது. எனினும், நண்பகல் ஒளியில் அச்சாளரம் பழங்கற்றூண்களின்மேல் வண்ணமழை பொழிகையில், அதன் கீழ் அமைதியுற்று அமர்வோர் பலர். இதில் காலத்தின் தீர்ப்பு இன்னும் முழுமையாக வரவில்லை.

அதே 2007-ஆம் ஆண்டில், கொலோனுக்குத் தெற்கே வாகென்டார்ஃப் என்னும் சிற்றூரின் வயல் நடுவே, உழவர் குடும்பம் ஒன்றின் விருப்பத்தால் ஒரு சிற்றாலயம் எழுந்தது. புனித நிக்கொலாஸ் ஃப்ளூவே என்னும் பதினைந்தாம் நூற்றாண்டுத் துறவிக்கு அது நேர்ந்தளிக்கப்பட்டது. அவரும் உழவராய், பத்துப் பிள்ளைகளின் தந்தையாய் வாழ்ந்தவர். சுவிட்சர்லாந்துக் கட்டடக் கலைஞர் பீட்டர் சும்தோர் இதற்குக் கண்ட வழி விந்தையானது. 112 மரங்களைக் கூடாரம்போல் சாய்த்து நிறுத்தி, அதனைச் சுற்றி 24 நாள்கள், நாளொன்றுக்கு ஓர் அடுக்காகக் கான்கிரீட்டு இட்டு இறுக்கினர். உழவரும் நண்பரும் தம் கைகளாலேயே அவ்வேலையைச் செய்தனர். பின்னர் உள்ளே தீ மூட்டி, மூன்று வாரம் கனலவிட்டனர். மரங்கள் உலர்ந்து சுருங்கி அகற்றப்பட்டன. அவை இருந்த தடம் மட்டும் கருகிய பள்ளங்களாய்ச் சுவரில் நின்றது. மேலே கூரையில்லை, திறந்த வாயில் வழியே மழையும் வெயிலும் விண்மீனொளியும் இறங்குகின்றன. எரிந்து அழிந்தது விட்டுச்சென்ற வெற்றிடமே இங்கு ஆலயம். தன்னை வெறுமையாக்கிக்கொண்டவரைப் பற்றி மறையுரை ஒன்று சொல்லத் தேவையின்றி, அச்சுவர்களே சொல்கின்றன.

நாம் தேர வேண்டியவை

இவ்வரலாற்றினின்று நாம் பெறுவன எவை? முதலாவது, நம்மை மருளச் செய்யும் ஒரு படைப்பைக் கண்டதும் தீர்ப்பிடாது, அதன்முன் சற்றே காத்திருத்தல் வேண்டும். காத்திருந்தபின் நம் உள்ளம் இறைவன்பால் செல்கிறதா, கலைஞனின் திறமையோடு நின்றுவிடுகிறதா என்பதே உரைகல். இரண்டாவது, அழகு என்பது இனிமை மட்டுமன்று. கல்வாரியில் அழகு எவ்வாறிருந்தது என்று எசாயா நமக்கு முன்பே உரைத்துள்ளார். மூன்றாவது, ஆலயத்திற்கு எது தகும் என்று தேர்கையில், நன்கொடையாளரையும் அறிஞரையும் கேட்பது முறையே. ஆயினும், அங்கே கண்ணீரோடு வந்து மண்டியிடும் எளியோரையும் பிணியாளரையும் கேளாது விடலாகாது. அவர்களுக்கு ஓவிய வரலாறு தெரியாதிருக்கலாம். சிலுவையில் தொங்குபவர் யாரென்று அவர்களுக்குத் தெரியும்.

நம் பங்கு ஆலயங்களைப் புதுப்பிக்கும் வேளையில் நாம் கடைக்குச் சென்று, பட்டியலைப் புரட்டி, பளபளப்பானதைத் தேர்ந்து வருகிறோம். அதில் குற்றமில்லை. ஆனால், நம் ஊரிலேயே கல்லும் மரமும் களிமண்ணும் அறிந்த கைகள் உள்ளன. அக்கைகளிடம் மறைநூலின் ஒரு பகுதியைக் கொடுத்து, தெவேமி செய்தது போல, இதனைப் படித்து உம் நெஞ்சில் தோன்றுவதைச் செய்து தாரும் என்று கேட்டவர் எத்தனை பேர்? அவர் செய்து தருவது நம்மைத் திடுக்கிடவும் வைக்கலாம். அப்போது அதனை ஏற்பதா விலக்குவதா என்று ஆயரும் குருவும் மக்களும் கூடி ஆராய்வோம். கேட்கவே அஞ்சுவதுதான் வறுமை.

அஸ்ஸியின் பீடத்தில் இன்றும் அவ்வெண்கலச் சிலுவை நிற்கிறது. அதன்பின் லூர்சாவின் அரக்கப் பாம்பு சீறுகிறது. பக்கத்தில் ரூவோவின் சாளரங்கள் சுடர்கின்றன. முகமற்ற அந்த மீட்பர் தம் நீண்ட கைகளை விரித்தபடி இருக்கிறார். தம் முகத்தைக் கண்ணாடியில் காண அஞ்சும் எவரும் அதன்முன் சென்று நிற்கலாம். அங்கே அவர்தம் முகத்திற்கு இடமுண்டு.